இயந்திரம் மட்டும் மாறினால் போதுமா?

2025-ம் ஆண்டு ஆகஸ்ட் 4-ம் தேதியோடு நாட்டின் 23 அஞ்சல் வட்டங்களும் ஒரே புதிய மென்பொருளின்கீழ் கொண்டுவரப்பட்டன. ரூ. 5,800 கோடி மதிப்பிலான அஞ்சல் துறையின் இரண்டாம் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தின் முக்கியக் கட்டம் அது. தலைநகரின் பெரிய அஞ்சலகங்கள் முதல் மலைக்கிராமத்துக் கிளை அஞ்சலகங்கள் வரை அனைத்தும் பழகிய ஏற்பாட்டைக் கைவிட்டுப் புதியதற்கு மாறின. இதற்காக 4.6 லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. ஒரே நாளில் 32 லட்சம் பதிவுகளும் 37 லட்சம் பட்டுவாடாக்களும் நடைபெற்றதாகவும் பெருமையுடன் கூறப்பட்டது.

பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் தொடக்க நாள்களில் பல ஊர்களில் மென்பொருள் மெதுவாக இயங்கியதும், பதிவுத் தபால் அனுப்ப வந்தவர்கள் வரிசையில் கால்கடுக்க நின்றதும் உண்மை. அந்த வரிசையின் கோபத்தை முகத்துக்கு நேரே எதிர்கொண்டவர்கள் மென்பொருளை வடிவமைத்தவர்களோ, அதற்கு ஒப்புதல் அளித்தவர்களோ அல்லர். கவுன்ட்டரில் அமர்ந்திருந்த எழுத்தர்கள்தான்.

இதில் ஒரு பொதுவான பிரச்னை அடங்கியிருக்கிறது. அரசு அலுவலகங்களில் தொழில்நுட்ப மாற்றம் என்றாலே, "ஊழியர்கள் மாற மறுக்கிறார்கள்" என்று ஒரு தரப்பும், "எங்கள் தலையில் எல்லாவற்றையும் கட்டுகிறார்கள்" என்று மறுதரப்பும் குற்றம் சாட்டிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும், கடந்த அரை நூற்றாண்டு அனுபவம் தெளிவாகக் காட்டுவது ஒன்றுதான்: ஊழியரைப் பங்குதாரராக்கிய இடங்களில் இயந்திரம் மக்களுக்குப் பயன்பட்டது, ஊழியரை வெறும் கருவியாக்கிய இடங்களில் இயந்திரமே இன்னொரு சிவப்பு நாடாவாகிவிட்டது.

1960-களின் பிற்பகுதியில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கல்கத்தாவில் கணினியை நிறுவ முற்பட்டபோது, ஊழியர்கள் அலுவலகக் கட்டடத்தின் முன் இரவு பகலாகக் காவலிருந்து எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை இன்று எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய நாட்டில், நூறு பேரின் வேலையை ஒரு பெட்டி செய்துவிடும் என்று கேள்விப்பட்டவர்களின் அச்சம் நியாயமற்றதல்ல. அந்த அச்சத்துக்கு அன்றைய நிர்வாகம் நம்பத்தகுந்த பதில் எதையும் தரவில்லை.

அந்தப் பதிலை ஓரளவு தந்தது 1983-ம் ஆண்டு வங்கித் துறையில் ஏற்பட்ட உடன்பாடு. இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் பேச்சு நடத்தி, எந்த வகை இயந்திரங்களை, எந்த அளவுக்குப் பயன்படுத்துவது என்பதற்கு வரம்பு வகுத்தன. ஆள்குறைப்பு இராது என்ற உறுதி கிடைத்தது. இயந்திரத்தில் பணிபுரிவோருக்குத் தனிப்படி வழங்கும் முறையும் வந்தது. ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையில் 1984-லும் 1989-லும் அறிக்கை அளித்த குழுக்கள் அடுத்தடுத்த படிகளைக் காட்டின. பேரேட்டைக் கையால் எழுதிக் கூட்டிக் கழித்தவர்கள், அதே கிளையில், அதே மேஜையில் கணினிக்குப் பழகினார்கள்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. பணியில் இருந்தவர்களை வெளியேற்றவில்லை என்பது சரி. ஆனால், 2000-01-ல் பொதுத்துறை வங்கிகளில் சுமார் ஒரு லட்சம் பேர் விருப்ப ஓய்வில் சென்றார்கள். ஓய்வு பெற்ற எழுத்தர்களின் இடங்கள் பலவும் நிரப்பப்படவில்லை. கணினிமயத்தின் விலையைப் பெரிதும் கொடுத்தவர்கள் அன்று பணியில் இருந்தவர்களைவிட, வேலைக்காகக் காத்திருந்த அடுத்த தலைமுறையினரே. தொழிற்சங்கங்கள் இன்றும் கவனத்தில் கொள்ள வேண்டிய பாடம் இது.

ரயில்வேயின் அனுபவம் இன்னும் தெளிவானது. 1985-ல் புது தில்லியில் கணினிவழி முன்பதிவு சோதனை முறையில் தொடங்கும் வரை, ஒவ்வொரு ரயிலுக்கும் தனிப் பதிவேடு, தனி கவுன்ட்டர். எந்தப் பதிவேடு எந்த எழுத்தரிடம் இருக்கிறதோ அவரே அந்த ரயிலின் அதிபதி. எந்த கவுன்ட்டரிலும் எந்த ரயிலுக்கும் இடம் பெறலாம் என்ற நிலை வந்ததும் அந்த அதிகாரம் போயிற்று. கூடவே, அதைச் சுற்றி வளர்ந்திருந்த இடைத்தரகும் பெருமளவு அடிபட்டது. எழுத்தரின் வேலை போகவில்லை. வேலையின் தன்மை மாறிற்று.

தொழில்நுட்பத்தை அரசு ஊழியர்களில் ஒரு பிரிவினர் தயக்கத்துடன் பார்ப்பதற்குச் சொல்லப்படாத காரணம் ஒன்றும் இங்கேதான் இருக்கிறது. கணினி வேலையை மட்டும் மாற்றுவதில்லை. அலுவலகத்துக்குள் இருக்கும் அதிகாரத்தையும் இடம் மாற்றுகிறது. "கோப்பு மேலே போயிருக்கிறது" என்று சொல்லும் உரிமை ஒரு சிறு அதிகாரம். அந்தக் கோப்பு எந்த மேஜையில் எத்தனை நாள் கிடக்கிறது என்பது திரையில் தெரிந்துவிட்டால் அந்த அதிகாரம் இல்லை. இதை இழக்க விரும்பாதவர்களுக்காக நாம் கண்ணீர் சிந்த வேண்டியதில்லை. அவர்கள்தான் இப்போது "சர்வர் டவுன்" என்ற புதிய வாசகத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சில வேளைகளில் அது உண்மை. சில வேளைகளில், பழைய பல்லவியின் புதிய ராகம்.

கர்நாடகத்தில் 2000-ம் ஆண்டையொட்டி நடைமுறைக்கு வந்த "பூமி" திட்டம் இதைக் கையாண்ட விதம் கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ 67 லட்சம் விவசாயிகளின் சுமார் 2 கோடி நில ஆவணங்கள் கணினியில் ஏற்றப்பட்டன. முன்பு கிராமக் கணக்கரின் பெட்டியில் இருந்த ஆவணத்தின் நகலை, வட்டத் தலைநகரின் மையத்தில் 15 ரூபாய்க்குப் பெற முடிந்தது. பட்டா மாறுதல் மனுக்கள் வந்த வரிசையிலேயே கவனிக்கப்பட வேண்டும் என்று மென்பொருளிலேயே விதி வைத்தார்கள். அனைத்துக்கும் மேலாக, கணினி ஆவணம் வந்த இடங்களில் கையால் எழுதிய நகல் செல்லாது என்று அறிவித்தார்கள். திரும்பிப் போகும் பாதையை அடைத்துவிட்டார்கள்.

இந்தத் துணிச்சல் இன்று பல துறைகளில் இல்லை. செயலியிலும் பதிவேற்ற வேண்டும். பழைய பதிவேட்டையும் எழுத வேண்டும். மேலிடம் கேட்கும்போது வாட்ஸ்ஆப்பிலும் படம் அனுப்ப வேண்டும் என்பதே கடைநிலை ஊழியரின் அன்றாடப் புலம்பலாக இருக்கிறது. வேலையைக் குறைக்க வந்த கருவி வேலையை மும்மடங்காக்கினால், அதை எவர்தான் மனமுவந்து ஏற்பார்?

இதற்கு அங்கன்வாடிகளே சாட்சி. "போஷண் டிராக்கர்" செயலி 2021-ம் ஆண்டு மார்ச் மாதம் அறிமுகமானது. நாடெங்கும் உள்ள ஏறத்தாழ 14 லட்சம் மையங்களின் விவரங்கள் அதில் ஏறுகின்றன. அதே ஆண்டில், தரமற்ற கைப்பேசிகளையும் புரியாத மொழியையும் காரணம் காட்டி, மகாராஷ்டிரத்தின் அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசு கொடுத்த கைப்பேசிகளைத் திருப்பி ஒப்படைத்துப் போராடினார்கள். 2025 ஜூலை முதல், வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவை வழங்க, பயனாளியின் முகத்தைப் படம்பிடித்து உறுதி செய்வதும் கட்டாயமாக்கப்பட்டது. இணையத் தொடர்பு இல்லாத ஊரில், பசியோடு நிற்கும் தாயிடம் "உங்கள் முகம் பொருந்தவில்லை" என்று சொல்ல வேண்டியவர் அந்தப் பணியாளர்தான். இத்தனைக்கும் அவர் முழுமையான அரசு ஊழியர்கூட அல்லர், மதிப்பூதியம் பெறுபவர். அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். வேலைக்கு உதவும் தொழில்நுட்பம் ஒன்று. வேலை செய்பவரைக் கண்காணிக்கும் தொழில்நுட்பம் மற்றொன்று. முன்னதை ஊழியர்கள் பெரும்பாலும் விரைவிலேயே கற்றுக்கொள்கிறார்கள். பின்னதை ஏமாற்றக் கற்றுக்கொள்கிறார்கள். ஊரக வேலை உறுதித் திட்டத்தில், 2023 ஜனவரி முதல் செயலிவழி வருகைப் பதிவு கட்டாயமாக இருந்தபோது நடந்தது என்ன? தொடர்பில்லாத படங்களும், படத்தையே மீண்டும் எடுத்த படங்களும் பதிவேற்றப்படுவதாக, 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது. தில்லி அலுவலகங்களில் 2014-ல் கொண்டுவரப்பட்ட பயோமெட்ரிக் வருகைப் பதிவும் காலையில் ஊழியரை வாசலுக்கு வரவழைக்கும். மேஜையில் அவர் என்ன செய்கிறார் என்பதை அது சொல்லாது.

மேஜையில் நடப்பதை மாற்ற வேண்டுமானால் நடைமுறையை மாற்ற வேண்டும். தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய "இ-ஆபீஸ்" மத்திய அமைச்சகங்களில் காகிதக் கோப்புகளைப் பெருமளவு அகற்றிவிட்டது. 2020-ல் கரோனா பெருந்தொற்றின்போது வீட்டிலிருந்தே கோப்புகளை நகர்த்த முடிந்தது அதனால்தான். ஆனால் ஏழெட்டு மேஜைகளைக் கடந்த காகிதக் கோப்பு, திரையிலும் அதே ஏழெட்டு மேஜைகளைக் கடந்தால் மிச்சமாவது காகிதம் மட்டுமே. ஆகவேதான், ஒரு கோப்பு கடக்கும் நிலைகளை நான்குக்கு மிகாமல் குறைக்க 2021-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. இயந்திரத்தோடு விதியும் மாற வேண்டும் என்பதற்கு இது நல்ல முன்னுதாரணம். மாநிலங்களும் இதைப் பின்பற்றலாம்.

அரசு தன் பங்குக்கு எதுவும் செய்யவில்லை என்று கூற முடியாது. 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த "கர்மயோகி இயக்கம்", சுமார் 46 லட்சம் மத்திய அரசு ஊழியர்களைக் கருத்தில் கொண்டு, ஐந்தாண்டுகளுக்கு ரூ. 510.86 கோடி மதிப்பீட்டில் தொடங்கப்பட்டது. அதன் இணையவழிக் கற்றல் தளத்தில் 2025-ல் பதிவு செய்தோர் ஒரு கோடியைத் தாண்டினர். 2024 அக்டோபரில் நடந்த தேசியக் கற்றல் வாரத்தில் ஒவ்வொருவரும் குறைந்தது நான்கு மணி நேரமாவது கற்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். படிப்புகளை முடிப்பதை ஆண்டுப் பணி மதிப்பீட்டோடு இணைக்கும் நடவடிக்கையும் எடுக்கப்பட்டது.

நோக்கம் நல்லது. ஆனால், சான்றிதழ் எண்ணிக்கையை வைத்துத் திறமையை அளக்கத் தொடங்கினால் சான்றிதழ்கள்தான் பெருகும். திறமை பெருகும் என்பதற்கு உறுதியில்லை. ஒளிப்படத்தை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பது, கேள்விகளுக்கான விடைகளைப் பகிர்ந்துகொள்வது எல்லாம் நாம் அறியாத கலைகளல்ல. மேலும், கவுன்ட்டரை விட்டு எழ முடியாதவருக்கும், பகலெல்லாம் தெருத்தெருவாக அலையும் கிராம அஞ்சல் ஊழியருக்கும் கற்பதற்கான நேரம் எங்கிருந்து வரும்? பயிற்சிக்கு ஒதுக்கும் நேரம் பணி நேரமாகவே கருதப்பட வேண்டும். அதுவரை அவர் வேலையைப் பார்க்க மாற்று ஆள் வேண்டும்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கேரளத்தைப் பார்க்கலாம். 2001-ல் அங்கே தொடங்கிய பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டம், வெளியிலிருந்து நிபுணர்களைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்களிடையே இருந்தே பயிற்றுநர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களைக் கொண்டே சக ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கட்டற்ற மென்பொருளும் மலையாள மொழியும் துணை நின்றன. சக ஊழியரிடம் கேட்பதில் கூச்சமில்லை. தாய்மொழியில் கேட்பதில் அச்சமில்லை. அஞ்சல் துறையும் 2025-ல் இதே வழியில், தன் ஊழியர்களுள் சிலரைத் தலைமைப் பயிற்றுநர்களாக்கி, அவர்கள் வழியே மற்றவர்களுக்குப் பயிற்சி தந்ததைப் பாராட்ட வேண்டும். மென்பொருள் இயங்கத் தொடங்கிய பிறகும் அவர்கள் அருகில் இருக்கிறார்களா என்பதுதான் முக்கியம். நீச்சலைக் கரையில் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஆற்றில் இறங்கும்போது ஆசான் காணாமல் போகலாகாது.

இனி, ஊழியர்களின் பொறுப்புக்கு வருவோம். நம் அலுவலகங்களில் சத்தமில்லாமல் பரவியிருக்கும் ஒரு பழக்கம், கடவுச்சொல்லை ஒப்பந்தக் கணினி இயக்குநரிடம் ஒப்படைத்துவிடுவது. அதிகாரி வாயால் சொல்வார். இளைஞர் ஒருவர் தட்டச்சு செய்வார். அதிகாரியின் மின்னணுக் கையொப்பமும் அந்த இளைஞரின் மேஜை இழுப்பறையில் இருக்கும். அறிவு ஒருவரிடம், பொறுப்பு இன்னொருவரிடம். தவறு நடந்தால் விளக்கம் கேட்டு ஓலை வருவது அதிகாரிக்குத்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 42-வது பிரிவு, மின்னணுக் கையொப்பத்துக்கான ரகசியத் திறவைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது உரியவரின் கடமை என்கிறது. "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்று சொல்வது ஒரு காலத்தில் மூத்த அதிகாரியின் அடையாளமாக இருந்தது. இன்று அது பொறுப்பின்மை.

அலட்சியம் எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்குத் தலைநகரிலேயே சான்று உண்டு. 2022 நவம்பர் 23-ம் தேதி தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகின. நோயாளிப் பதிவு முதல் பரிசோதனை அறிக்கை வரை பல நாள்கள் கையால் எழுதித்தான் நடந்தன. அந்த நாள்களில் மருத்துவமனையைத் தாங்கிப் பிடித்தது, காகிதத்தில் வேலை செய்யத் தெரிந்த ஊழியர்களின் அனுபவம். எனவே கணினிப் பாதுகாப்பும் கற்க வேண்டும். கணினி நின்றுபோனால் வேலையை நிறுத்தாமல் நடத்தும் வழியும் தெரிந்திருக்க வேண்டும். மூத்த ஊழியரின் அனுபவமும் இளைய ஊழியரின் கைவேகமும் ஒன்றையொன்று தேடிச் சேர வேண்டிய இடம் இது.

அடுத்த அலையும் வந்துவிட்டது. 2025 ஜனவரி இறுதியில் மத்திய நிதி அமைச்சகம், சாட்ஜிபிடி, டீப்சீக் போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை அலுவலகக் கணினிகளில் பயன்படுத்த வேண்டாம் என்று தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. அரசுத் தகவல்களின் ரகசியம் கருதி எடுத்த முடிவு அது. மறுபுறம், 2024 மார்ச்சில் மத்திய அரசே ரூ. 10,300 கோடிக்கு மேல் ஒதுக்கிச் செயற்கை நுண்ணறிவு இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. எதைப் பயன்படுத்தலாம், எதைக் கூடாது, எந்தத் தகவலை எந்தக் கருவியில் இடலாம் என்பது கடைசி எழுத்தர் வரை தெளிவாக்கப்பட வேண்டும். தடை உத்தரவு மட்டும் போட்டால், அலுவலகக் கணினியில் செய்யாததைச் சொந்தக் கைப்பேசியில் செய்வார்கள். அது இன்னும் ஆபத்து.

தொழில்நுட்பத்தில் பின்தங்கினால் என்னவாகும் என்பதற்கு பி.எஸ்.என்.எல். நினைவூட்டலாக நிற்கிறது. 2020 ஜனவரி 31-ம் தேதி ஒரே நாளில் அதன் ஊழியர்கள் 78,569 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். அவர்கள் கற்க மறுத்தவர்களா? தந்தியிலிருந்து தொலைபேசிக்கும், அதிலிருந்து செல்பேசிக்கும் மாறிய நிறுவனத்தின் ஊழியர்கள் அவர்கள். போட்டி நிறுவனங்கள் 4ஜி சேவையில் முன்னேறிச் சென்றபோது, பி.எஸ்.என்.எல்.லுக்கு அந்த அலைக்கற்றையை வழங்கும் முடிவு 2019 அக்டோபரில்தான் வந்தது. மேலிடத்தின் தாமதத்துக்குக் கீழே இருப்பவர்கள் விலை கொடுத்தார்கள். மாறவில்லை என்று ஊழியரைக் குறை கூறும் முன், மாறுவதற்கான கருவி உரிய காலத்தில் தரப்பட்டதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை எட்டாதவையல்ல. பெரிய தொழில்நுட்ப மாற்றம் எதுவும், 1966 முதல் செயல்பட்டுவரும் கூட்டு ஆலோசனை அமைப்பில் விவாதிக்கப்பட்ட பிறகே நடைமுறைக்கு வர வேண்டும். மென்பொருளை முடிவு செய்வதற்கு முன் அதைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டும். மாநில மொழியில் இயங்காத செயலியை மாநில ஊழியரிடம் திணிக்கலாகாது. புதியது வந்ததும் பழைய பதிவேட்டுக்கு முடிவுதேதி குறிக்க வேண்டும். இயந்திரம் மறுத்தாலும் தகுதியுள்ள குடிமகனுக்கு உரியதைக் கொடுக்க, கவுன்ட்டரில் இருப்பவருக்கு எழுத்துபூர்வமான அதிகாரமும், அதற்காகத் தண்டிக்கப்படமாட்டார் என்ற பாதுகாப்பும் வேண்டும். விசாரணை வரம்புகள் 2025 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற எட்டாவது ஊதியக் குழு, புதிய திறன்களுக்கு ஊதியத்தில் என்ன இடம் என்பதையும் ஆராய வேண்டும்.

தொழிற்சங்கங்களும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் அகவிலைப்படிக்கு அருகில் பயிற்சிக்கும் இடம் தர வேண்டும். "எங்களுக்குக் கற்றுக்கொடு" என்று கேட்கும் சங்கத்துக்கு, "இயந்திரம் வேண்டாம்" என்று கேட்கும் சங்கத்தைவிடப் பேரம் பேசும் வலிமை அதிகம் என்பதை 1983-ன் உடன்பாடு காட்டியிருக்கிறது.

அரசு அலுவலகத்துக்கு வரும் குடிமகன் கணினியைப் பார்க்க வருவதில்லை. தன் ஓய்வூதியம் ஏன் நின்றது, தன் நிலம் ஏன் இன்னொருவர் பெயரில் இருக்கிறது, தன் கைரேகை ஏன் பதியவில்லை என்று கேட்க வருகிறான். திரையில் தெரியும் விடையைப் படித்துச் சொல்ல நாளை ஓர் இயந்திரம் போதும். திரையில் தெரியாத விடையைத் தேடிச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதராகத் தன்னை வளர்த்துக்கொள்ளும் ஊழியருக்கு எந்த மென்பொருளாலும் ஆபத்தில்லை. அப்படி வளர அவருக்கு வழிவிடுவதுதான், புதிய கணினி வாங்குவதைவிட அரசு முதலில் செய்ய வேண்டிய வேலை.